சரளி வரிசையும் கிட்டாரின் ஆறு தந்திகளும்

சென்ற வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் ஒருமுறை சுற்றி வந்தபின், எனது தங்கையின் மகன் தன்னுடைய கிட்டாரை உறையிலிருந்து எடுத்தான். வயது 17. மூன்று வருடங்களாகக் கொழும்பில் பிரத்தியேக வகுப்புக்குப் போகிறான். அவனது தரப் பரீட்சைச் சான்றிதழ்கள் இரண்டு அவர்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. அன்று அவன் வாசித்தது ஐந்து சுரங்களாலான ஒரு ஸ்கேலைக் கொண்டு அமைந்த வேகப் பயிற்சி. விரல்கள் கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் ஓடியதைப் பார்க்கவே மலைப்பாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன்பின் யாரும் கேளாமலே அம்மா பாடத் தொடங்கினார். அவருக்கு 82 வயது. பாடசாலைக் காலத்தில் ஆர்மோனியத்துடன் பாடிப் பழகியவர். மோகன இராகத்தில் ஒரு பழைய பக்திப் பாடல். முதலடி முடிந்ததும் பேரனைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இதுக்கும் வாசியன்" என்றார். அவன் ஒரு தந்தியைத் தட்டிப் பார்த்தான், பொருந்தவில்லை. வேறொன்றைத் தட்டினான், அதுவும் பொருந்தவில்லை. சில விநாடிகள் முன்பு மின்னலாக ஓடிய விரல்கள் இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோலத் தடவிக்கொண்டிருந்தன. கடைசியில் என்னிடம் குனிந்து, "மாமா, அம்மம்மா எந்தக் கீயில பாடுறா?" என்று கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழக விடுதியில் கிட்டார் பழகிய நாள்முதல், முப்பது வருடங்களுக்கு மேலாக வாசிப்பவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கருவியை வாங்கி நானும் தேடினேன். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பாடல் முடிந்துவிட்டது. அம்மா சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, ரெண்டு பேரும் பழகிப்போட்டு வாங்கோ. நான் திரும்பப் பாடுறன்" என்றார். 82 வயதுக்காரர் ஒருவர் சொல்லும் 'திரும்ப' என்ற சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

கிட்டார் பழகுவோரின் ஸ்கேல் பயிற்சி பற்றி இன்று எழுத முற்படுவதற்கு இதுவே காரணம். பெரும்பாலான மாணவர்களுக்கு அந்தப் பயிற்சி கற்பிக்கப்படும் முறை அடிப்படையிலேயே பிழையானது என்பது எனது அபிப்பிராயம். அது விரல்களுக்கு உடற்பயிற்சியாக இருக்கிறது. எந்த விரலுக்குக் கீழே எந்தச் சுரம் கிடக்கிறது என்ற அறிவை அது தருவதில்லை. முப்பது வருடங்கள் நானே அந்தப் பிழையைச் செய்தவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சில செய்திகளை முதலில் சொல்லவேண்டும். கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதிக்கப்பட்டிருக்கும் உலோகக் கம்பிகளைப் பிரெட் என்பார்கள். வீணையில் அதற்கு மெட்டு என்று பெயர். இங்கே மெட்டு என்றே எழுதுகிறேன்; பாட்டின் மெட்டோடு வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். தந்திகள் ஆறு. தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதலாம் தந்திவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டுவது வழக்கம். ஒரு மெட்டு நகர்ந்தால் அரைச்சுரம் ஏறும். 12 மெட்டுகள் நகர்ந்தால் அடுத்த ஸ்தாயியில் அதே சுரம் வந்துவிடும். ஆகவே திறந்த தந்தியிலிருந்து 11ஆம் மெட்டுவரை ஒரு தந்திக்கு 12 இடங்கள். ஆறு தந்திகளுக்கும் 72 இடங்கள். இந்த 72க்கும் இருக்கும் பெயர்கள் 12 மாத்திரமே. அவற்றிலும் ஷார்ப், பிளாட் என்ற ஒட்டுகள் இல்லாத ஏழு சுரங்களை மட்டும் எடுத்தால் 42 இடங்கள். ஒரு நகரத்தில் 42 வீடுகளை அடையாளம் காணத் தெரியாமல் எந்தத் தபாற்காரரும் வேலை பார்ப்பதில்லை.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். கிட்டாரில் அப்படியன்று. திறந்த முதலாம் தந்தியில் ஒலிக்கும் ஈ, இரண்டாம் தந்தியின் ஐந்தாம் மெட்டிலும் இருக்கிறது. மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் மெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் மெட்டிலும், ஐந்தாம் தந்தியின் 19ஆம் மெட்டிலும் இருக்கிறது. எல்லாம் ஒரே உயரம். ஒரே மனிதர் ஐந்து வீடுகளில் குடியிருப்பதுபோல. போதாக்குறைக்கு, அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஐந்து மெட்டு தூரம் என்றிருக்கும் ஒழுங்கு, மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையில் மாத்திரம் நான்காகக் குறைந்துவிடுகிறது. கை வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் பழகுபவரின் கணக்கு அங்கேதான் வழுக்குகிறது.

இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் பெட்டி முறை. நான்கைந்து மெட்டுகளுக்குள் அடங்கும் ஒரு கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் இட்ட படத்தைக் கொடுத்துவிடுவார்கள். புள்ளிகள் இருக்கும் இடத்தில் விரலை வைத்தால் ஸ்கேல் வந்துவிடும். ஐந்து சுர ஸ்கேலுக்கு இப்படி ஐந்து பெட்டிகள். இணையத்தில் இத்தகைய படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெட்டியை அப்படியே மேலே நகர்த்தினால் வேறு சுருதியில் அதே ஸ்கேல். எவ்வளவு வசதி பாருங்கள்! அந்த வசதியே பொறியாகவும் அமைந்துவிடுகிறது. பெட்டியை நகர்த்த முடியும் என்பதால் சுரத்தின் பெயரை அறிய வேண்டிய தேவையே மாணவனுக்கு எழுவதில்லை. தேவை எழாததை மனிதர்கள் கற்பதில்லை.

நானும் அப்படித்தான். விடுதி நண்பரின் கிட்டாரில் சுரக்கூட்டுகளின் உருவங்களைப் பழகினேன். சி, ஜி, ஏ மைனர், பிறகு கை நோகும் எஃப். எங்களுக்கு அப்போது நித்தி கனகரத்தினத்தினதும் ஏ. ஈ. மனோகரனதும் பொப்பிசைப் பாடல்கள் இருந்தன. மூன்று நான்கு சுரக்கூட்டுகளுடன் ஓர் இரவையே கழித்துவிடலாம். பாடுபவரின் குரலுக்கு எட்டவில்லையா, கேப்போ என்ற கவ்வியைக் கழுத்தில் மாட்டிச் சமாளிப்போம். எந்தச் சுரத்தை வாசிக்கிறேன் என்று எவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இவ்விடத்தில் எனது தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நான் பத்திரிகைத் துறைக்கு வந்தபோது ஈய எழுத்துகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. எஞ்சியிருந்த மூத்த அச்சுக்கோப்பாளர்கள் சிலரின் வேலையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தமிழ் எழுத்துகளுக்கான அறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். அவர்கள் பெட்டியைப் பார்க்கவே மாட்டார்கள். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகச் சென்று எழுத்தை எடுக்கும். ஆனால் அந்தக் கை குருட்டுக் கையன்று. ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் முணுமுணுத்தபடியே எடுப்பார்கள். பழகத் தொடங்கிய காலத்தில் உரக்கச் சொல்லிப் பழகினார்களாம். இடம், பெயர், விரல் மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பெட்டிப் படம் பார்த்துக் கிட்டார் பழகுபவருக்கு இடமும் விரலும் உண்டு, பெயர் இல்லை.

பெயரைச் சொல்லிப் பழகும் முறை நமக்குப் புதிதன்று என்பதுதான் இதில் வேடிக்கை. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வீணையோ வாய்ப்பாட்டோ கற்கத் தொடங்கும்போது முதலில் படிப்பது சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்தார் என்று மரபு சொல்லும் பாடத்திட்டம். மாயாமாளவகௌளை இராகத்தில் ச ரி க ம ப த நி என்று வாயால் சொல்லியபடியே ஏறி இறங்கவேண்டும்; அதையே மூன்று காலங்களில் சொல்லவேண்டும். வீணை பழகும் பிள்ளையின் வாய் மூடியிருந்தால் ஆசிரியைக்குக் கோபம் வரும். சரளி முடிந்தால் ஜண்டை வரிசை: ஒவ்வொரு சுரமும் இரட்டையாக. பிறகு தாட்டு வரிசை: சுரங்களைத் தாண்டித் தாண்டிப் பாய்வது. பின்னர் அலங்காரங்கள்: அதே சுரங்கள் வெவ்வேறு தாளங்களில். நேராக ஏறி இறங்குவது முதலாவது படி மாத்திரமே. அதிலேயே வருடக்கணக்கில் நின்றுகொண்டிருப்பது கற்றலாகாது என்பது இந்த ஒழுங்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கிட்டார் மாணவர்களில் பெரும்பாலானோர் சரளி வரிசையின் முதற்பாடத்தை, அதுவும் வாய் திறக்காமல், வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். மருமகன் அன்று செய்ததும் அதைத்தான்.

நான் சொல்லப்போகும் பயிற்சி முறை கடந்த ஒரு வருடமாக நானே செய்துபார்த்தது. இதில் எனது கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

முதலில் பெட்டிகளை ஒருபுறம் வைத்துவிட்டு ஒற்றைத் தந்தியில் தொடங்கினேன். அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் மிக் குட்ரிக் 1987இல் வெளியிட்ட 'தி அட்வான்சிங் கிட்டாரிஸ்ட்' என்ற நூலில், ஒரே தந்தியில் மேலும் கீழும் வாசிப்பதையே தொடக்கத்தில் வலியுறுத்துகிறார். ஐந்தாம் தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த தந்தி ஏ. இரண்டாம் மெட்டு பி, மூன்றாம் மெட்டு சி, ஐந்தில் டி, ஏழில் ஈ, எட்டில் எஃப், பத்தில் ஜி, பன்னிரண்டில் மீண்டும் ஏ. பிக்கும் சிக்கும் இடையிலும், ஈக்கும் எஃபுக்கும் இடையிலும் ஒரு மெட்டு. மற்றெல்லா இடங்களிலும் இரண்டு. இந்த ஒரு விதியை அறிந்தவருக்கு மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. எந்தத் தந்தியிலும் நடந்து பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைத் தந்தியில் ஸ்கேல் என்பது ஒரு நேரான தெருவாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி என்பது கைக்குப் புரிகிறது. பெட்டிக்குள் இது மறைந்துவிடும். ஒவ்வொரு சுரத்தையும் பெயர் சொல்லி வாசிக்கவேண்டும். உரக்கச் சொல்லவேண்டும். முதல் வாரம் வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

ஒரு தந்திக்கு நான்கைந்து நாட்கள் கொடுத்தேன். முதலாம், ஆறாம் தந்திகள் இரண்டும் ஈ என்பதால் உண்மையில் ஐந்து தந்திகளே. ஒரு மாதத்துக்குள் 42 இடங்களும் தட்டுத்தடுமாறியேனும் தெரிந்துவிட்டன. முப்பது வருடங்கள் செய்யாததை ஒரு மாதம் செய்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வெட்கமே ஏற்பட்டது.

இரண்டாவதாக, ஒரே சுரத்தை ஆறு தந்திகளிலும் தேடும் பயிற்சி. இதுவே எனக்குப் பேருதவி புரிந்தது. சி என்ற சுரம் ஆறாம் தந்தியில் எட்டாம் மெட்டிலும், ஐந்தாவதில் மூன்றிலும், நான்காவதில் பத்திலும், மூன்றாவதில் ஐந்திலும், இரண்டாவதில் முதலாம் மெட்டிலும், முதலாவதில் எட்டிலும் இருக்கிறது. 8, 3, 10, 5, 1, 8 என்று தொலைபேசி இலக்கம்போல உருப்போடலாம். ஆனால் அதனால் பயனில்லை. காதால் கேட்டுப் பாருங்கள். முதலிரண்டும் ஒரே ஒலி. அடுத்த மூன்றும் ஒரு ஸ்தாயி மேலே, தமக்குள் ஒரே ஒலி. கடைசி ஒன்று அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே. ஆறு இடங்கள், மூன்றே உயரங்கள். பலகையில் ஏற்கெனவே இருந்த ஓர் ஒழுங்கு அப்போதுதான் எனக்குக் கேட்டது. நாளுக்கு ஒரு சுரம் போதும். பஸ் வண்டிக்குக் காத்திருக்கும்போது கருவியில்லாமலே மனதில் செய்யக்கூடிய பயிற்சி இது. கொழும்பில் காத்திருப்பதற்கு நேரத்துக்குக் குறைவில்லை.

மூன்றாவதாக, தாட்டு வரிசையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தேன். சி, டி, ஈ, எஃப் என்று ஏறாமல் சி-ஈ, டி-எஃப், ஈ-ஜி, எஃப்-ஏ என்று ஒன்றைத் தாண்டி ஒன்று. பிறகு இரண்டைத் தாண்டி. நேராக ஓடும்போது விரல் தானாக ஓடும். மனம் எங்கேயோ போய்விடும். தாண்டும்போது அப்படிப் போகமுடியாது. அடுத்த சுரம் எது என்று அறிந்தால்தான் விரல் நகரும். இங்கே வேகம் பாதியாகக் குறைந்துவிடும். குறையட்டும்.

பயிற்சியை எவ்வளவு நேரம் செய்வது? நவீன செவ்வியல் கிட்டாரின் தந்தை எனப்படும் ஸ்பானியக் கலைஞர் ஆந்த்ரே செகோவியா, 1953இல் வெளியிட்ட மேஜர், மைனர் ஸ்கேல்களின் சிறு தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், நாளுக்கு இரண்டு மணிநேர ஸ்கேல் பயிற்சியைப் பரிந்துரைக்கிறார். அலுவலகம் போய் வருபவருக்கு அது கனவு. ஆனால் அந்தத் தொகுப்பில் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். அவருடைய சி மேஜர் ஸ்கேல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டில் தொடங்கி, முதலாம் தந்தியின் எட்டாம் மெட்டுவரை இரண்டு ஸ்தாயிகள் செல்கிறது. நடுவழியில் கை கழுத்தின் வழியே மேலே பெயர்கிறது. அதாவது ஒரு பெட்டிக்குள் அவர் அடங்கியிருக்கவில்லை. அவருக்கு ஸ்கேல் என்பது ஊர்விட்டு ஊர் செல்லும் பாதை. செகோவியாவின் இரண்டு மணிநேரத்தை மேற்கோள் காட்டும் ஆசிரியர்கள் இந்தப் பாதையைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொன்னால் நல்லது.

நான் காலையில் 15 நிமிடம், இரவில் 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக மூன்று மணிநேரம் இருந்து பார்த்த அனுபவமும் உண்டு; புதன்கிழமைக்குள் பாதி மறந்துவிடும். ஜேர்மனிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் நினைவாற்றல் பற்றி 1885இல் வெளியிட்ட நூலில், ஒரேநாளில் திரும்பத் திரும்பப் படிப்பதிலும் பார்க்கப் பல நாட்களுக்குப் பரப்பிப் படித்தால் குறைந்த தடவைகளே போதும் என்று தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டினார். 1979இல் ஷே, மோர்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கையசைவுப் பயிற்சிகளில் செய்த சோதனை இன்னும் சுவையானது. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள், பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். அசைவுகளைக் கலந்து கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது நிலைமை மாறியிருந்தது. தடுமாறியவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். பயிற்சி அறையில் அழகாக வாசிப்பவர் சபையில் திணறுவதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன். ஒரு ஸ்கேலை ஐம்பது தடவை வாசிப்பதைவிட, ஐந்து ஸ்கேல்களைக் கலைத்துப்போட்டுப் பத்துத் தடவை வாசிப்பது மேல். கேட்பதற்கு நன்றாக இராது, கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

ஆட்சேபனைகள் உண்டு என்பதை அறிவேன். ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. 1928இல் தீவிபத்தில் இடதுகையின் இரண்டு விரல்களும் பாதிக்கப்பட்டன. ஆயினும் எஞ்சிய விரல்களால் ஐரோப்பிய ஜாஸ் இசையின் போக்கையே மாற்றினார். வெஸ் மொண்ட்கொமரிக்கும் குறிப்பு வாசிக்கத் தெரியாது. பெயர் அறியாமலே மேதைகள் வாசித்தார்களே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். எனது பதில் இது: அவர்கள் பெயரை அறியாதிருக்கலாம், இடத்தை அறிந்திருந்தார்கள். மனதில் ஒலித்த சுரம் பலகையில் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குச் சந்தேகமின்றித் தெரிந்திருந்தது. காது அந்த வேலையைச் செய்தது. அத்தகைய காது இல்லாத எங்களைப் போன்ற சாதாரணர்களுக்குப் பெயர் ஒரு கைத்தடி. கைத்தடியை வேண்டாம் என்று சொல்ல நடக்கத் தெரிந்தவருக்கு உரிமை உண்டு.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வதும் நியாயமாகாது. மூன்று மாதத்தில் பிள்ளை ஒரு பாட்டை வாசிக்கவேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். பரீட்சைக்குத் திகதி குறிக்கப்பட்டிருக்கிறது. இன்னின்ன ஸ்கேல்களை இன்ன வேகத்தில் என்று பட்டியல் வந்துவிடுகிறது. ஒற்றைத் தந்தியில் ஒரு மாதம் பெயர் சொல்லச் செய்யும் ஆசிரியரிடம் எத்தனை பெற்றோர் பிள்ளையை விட்டுவைப்பார்கள்? வீணை ஆசிரியைக்கு இருக்கும் பொறுமைக்கான உரிமையைக் கிட்டார் ஆசிரியருக்கு நாம் கொடுப்பதில்லை. வீணையைக் கல்வி என்றும் கிட்டாரைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். பிரசன்னா போன்றவர்கள் மின்கிட்டாரில் கீர்த்தனைகளை முழுக் கமகத்தோடு வாசித்துக் காட்டிய பின்னரும் அந்தப் பிரிவினை நம் வீடுகளில் மறையவில்லை.

புத்தாண்டு நாளின் கதைக்குத் திரும்புகிறேன். சில வாரங்கள் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மாவிடம், "அண்டைக்கு நீங்கள் எந்தச் சுருதியில பாடினீங்கள்?" என்று கேட்டேன். "நாலரைக் கட்டை" என்றார், யோசிக்காமலே. "முந்தி அஞ்சரையில பாடினனான். இப்ப ஏறாது."

நாலரைக் கட்டை! ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சியிலிருந்து எண்ணினால் நான்காவது எஃப். அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை நாலரை. அதாவது எஃப் ஷார்ப். மருமகன் என்னிடம் கேட்ட கேள்விக்கான விடை, பாடிக்கொண்டிருந்தவரிடமே இருந்தது. அவனுக்குக் கட்டைக் கணக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அதைக் கிட்டாரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நமது ச ரி க ம இடம் மாறும் பெயர். பாடுபவர் எங்கே நின்றாலும் அது ச. கட்டை இடம் மாறாத பெயர். சி, டி, ஈ என்பனவும் அப்படியே. கிட்டார் பழகுபவருக்கு இரண்டும் வேண்டும். ஒன்று ஸ்கேலுக்குள் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லும். மற்றது பலகையில் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லும்.

இனி வருவதுதான் என்னைத் திகைக்கவைத்தது. எஃப் ஷார்ப்பை ஆதார சுருதியாகக் கொண்டால் மோகனத்தின் ஐந்து சுரங்கள்: எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், சி ஷார்ப், டி ஷார்ப். மருமகன் மின்னல் வேகத்தில் வாசித்த பெட்டி மைனர் பென்டடோனிக் எனப்படும் ஸ்கேல். அதன் சுரங்கள் எங்கள் சுத்த தன்யாசியின் சுரங்களே. மோகனத்தில் தைவதத்தை ஆதாரமாக மாற்றிக் கிரகபேதம் செய்தால் சுத்த தன்யாசி வரும் என்பது சங்கீதம் படித்தவர்கள் அறிந்த செய்தி. அதாவது அவன் வாசித்த அதே பெட்டியை, அதே விரல்களோடு, ஆறாம் தந்தியின் 11ஆம் மெட்டுக்கு நகர்த்தியிருந்தால், அம்மம்மாவின் பாட்டுக்கு வேண்டிய ஐந்து சுரங்களும், குறையாமலும் கூடாமலும், அவனுடைய கைக்குள் இருந்திருக்கும். மூன்று வருடங்கள் பழகிய பெட்டி. அவனிடம் இல்லாதிருந்தது அந்தப் பெட்டிக்குள் எது எஃப் ஷார்ப் என்ற அறிவு மாத்திரமே.

இதை அவனுக்குக் காட்டியபோது நெடுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "இதை ஏன் மாமா ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டான். அந்த ஒருத்தரில் நானும் அடக்கம்.

இப்போது போயா விடுமுறை நாட்களில் அவன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். முதலில் சலிப்போடுதான் பெயர் சொன்னான். 17 வயதில் மெதுவாக வாசிப்பது ஒரு தண்டனை. சிலவேளை பொறுமையிழந்து பழைய வேகப் பயிற்சிக்குப் போய்விடுவான், நான் தடுப்பதில்லை. வேகமும் ஒருநாள் வேண்டியதுதான். ஒருவர் சுரம் சொல்ல மற்றவர் அதை இரண்டு தந்திகளில் காட்டவேண்டும் என்று ஒரு விளையாட்டை வைத்திருக்கிறோம். முதல் மாதம் நான் வென்றேன். இப்போது பெரும்பாலும் அவனே வெல்கிறான்.

கடந்த போயா தினத்தன்று மாலை அம்மா அதே பாடலைத் தொடங்கினார். குரல் இன்னும் சற்று இறங்கியிருந்தது. மருமகன் ஆறாம் தந்தியில் முதலாம் மெட்டில் விரலை வைத்தான். நான் அதே நேரத்தில் நான்காம் தந்தியில் மூன்றாம் மெட்டில் வைத்திருந்தேன். இரண்டும் எஃப், ஒரு ஸ்தாயி இடைவெளியில். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவர் பாடியது எஃபுக்கும் மயிரிழை கீழே. "தந்தியைக் கொஞ்சம் இறக்குங்கோ பிள்ளையள்" என்றார் பாட்டை நிறுத்தாமலே. நாங்கள் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருக்கையில் அவர் இரண்டாம் அடிக்குப் போய்விட்டார்.